ஸ்க்ரூடிரைவரைக் கீழே வை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நேத்து ராத்திரி போன்ல நீ போட்ட சத்தத்துல ஒண்ணு மட்டும் வெளங்குச்சு. கார்ல இஞ்சின் ஆயில வடிகட்டுற டப்பா, அந்த ஆயில் பில்டர் அசைய மாட்டேங்கு, ஸ்க்ரூடிரைவரக் குத்தித் திருப்பப் போறே. கொஞ்சம் பொறுட்டி. குத்திட்டா பெறகு கழட்டியே ஆகணும். கழராட்டா வண்டிய ஓட்டி ஒர்க்‌ஷாப்புக்குக்கூடக் கொண்டுபோக முடியாது. பில்டர் தகடு மெல்லிசு, பாதி நேரம் அதுதான் கிழியும். அடித்தட்டு இஞ்சின்லயே ஒட்டிக்கிட்டு நிக்கும். அப்புறம் உளியும் சுத்தியலும் வச்சு ஓரத்துல தட்டித் தட்டித்தான் எடுக்கணும். நடுவுல இருக்க மரைக்குழாய்ல அடி பட்டுச்சுன்னா செலவு வேற.

ஏன் ஒட்டுச்சுங்கியா? போன தடவ பில்டர் மாட்டினவன் அதோட புது ரப்பர் வளையத்துல ஒரு விரல் ஆயில் தடவாம, காஞ்சபடியே மாட்டியிருப்பான். கையால முறுக்க வேண்டியத ஸ்பேனரால வேற இறுக்கியிருப்பான். குத்தாலம் சீசன்ல அவசரத்துல வார வண்டிகள்ல இந்தக் கூத்த நம்ம ஒர்க்‌ஷாப்ல நெறையப் பாத்தாச்சு.

ஆயில இன்னும் வடிக்கலன்னா வண்டிய ரெண்டு மூணு நிமிசம் ஓடவிட்டு நிறுத்து. சூட்டுல ரப்பர் கொஞ்சம் இளகும். வடிச்சிட்டேன்னா ஸ்டார்ட் பண்ணிராதே, சூடில்லாமலே பாத்துக்கலாம். சைலன்சர் குழாய் பக்கத்துலதான் இருக்கும், கை பத்திரம். ஜாக்கிய மட்டும் நம்பி அடியில படுக்காதே, ஸ்டாண்டு குடு. ஹாலோ பிளாக் கல்லு ஆகவே ஆகாது, படக்குனு நொறுங்கிரும்.

பில்டர் மேல உள்ள எண்ணெய்ப் பிசுக்க நல்லாத் தொடச்சிட்டு உப்புத்தாளச் சுத்திப் பிடிச்சுப் பாரு. எண்ணெய்க் கையில எவ்வளவு பலம் இருந்தாலும் வழுக்கத்தான் செய்யும். அதுக்கும் மசியலன்னா, பட்டையச் சுத்தி இறுக்கிப் பிடிக்கிற பெல்ட் ஸ்பேனர் வாங்கு. அதத் தகட்டு நடுவுல போடாதே, நசுங்கிரும். இஞ்சின ஒட்டின ஓரத்துலதான் தகட்டுக்கு உறுதி, அங்க போட்டு இழு. அளவு சரியா இருந்தா, பில்டர் முனையில தொப்பி மாதிரி மாட்டுற கப் ஸ்பேனர் இன்னும் நல்லது. பில்டரோட மூடின முனைய நேராப் பாத்தா, கடிகாரம் சுத்துறதுக்கு எதிர்ப்பக்கந்தான் கழரும். மேலருந்து கைய விட்டுத் தடவும்போது திசை குழம்பும். நீ இவ்வளவு நேரம் இறுக்கிக்கிட்டுத்தான் இருந்தியோ என்னமோ!

கழந்ததும் மொதல்ல பழைய ரப்பர் அதுலயே வந்திருக்கான்னு பாரு. சில நேரம் இஞ்சின்லயே ஒட்டிக்கிட்டு நிக்கும். அது மேலயே புதுச மாட்டினா ஆயில் பீச்சி அடிச்சு, இஞ்சின் ஜாம் ஆயிரும். இத மட்டும் மறந்திராதே.

புதுச மாட்டும்போது ரப்பர்ல ஆயில் தடவு. ரப்பர் இஞ்சின்ல தொட்ட பெறவு வழக்கமா முக்கால் சுத்து, பில்டர் மேலயே அச்சடிச்சிருப்பான், அதப் பாத்துக்கோ. கையே போதும். ஆயில் ஊத்தி ஸ்டார்ட் பண்ணி, ஆயிலுக்குள்ள சிவப்பு லைட் அணையுதா, அடியில ஒழுகுதான்னு பாரு. நிறுத்திக் கொஞ்ச நேரம் கழிச்சு ஆயில் அளவுக்கம்பிய உருவிப் பாரு.

வடிச்ச ஆயில சாக்கடையில ஊத்தாதே, கேன்ல பிடிச்சு ஒர்க்‌ஷாப்ல குடுத்திரு. அம்மா, தீவாளிக்கு வண்டியிலதான் வாரியான்னு கேக்கா. கழட்டின பில்டர போட்டோ எடுத்து அனுப்பு, அந்த ரப்பர் எந்த லட்சணத்துல இருக்குன்னு நான் பாக்கணும்.

அப்பா
பாளையங்கோட்டை