செயலாளர் ஆண்டறிக்கை: ஒரு வம்பயரும் மூன்று வெள்ளிப் பூச்சும்

தலைவர் அண்ணன், பொருளாளர், உறுப்பினர்கள், வழக்கம்போல பிந்தி வந்து கதவடியில் நிற்பவர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

பிளாஸ்டிக் மாதிரி கட்டும் நம் சங்கத்துக்கு இந்த ஆண்டு 11 கூட்டம் நடந்தது. 12ஆவது மாரி மழையில் போய்விட்டது, அன்றைக்கு வந்தது நானும் சாவி வைத்திருக்கும் தம்பியும் மட்டும்தான், இருவரும் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினோம். புதிதாக 3 பேர் சேர்ந்தார்கள். அதில் ஆரையம்பதியிலிருந்து வரும் தச்சு ஐயா இதுவரை ஒரு பிளாஸ்டிக் மாதிரிகூடக் கட்டியவர் இல்லை, ஆனால் இந்த அறிக்கையில் அவர்தான் அதிகம் வரப்போகிறார்.

ஆளாளுக்குத் தனித்தனியாகக் கட்டியதையெல்லாம் அலுமாரியில் பார்த்துக்கொள்ளுங்கள். சங்கமாகச் சேர்ந்து கட்டியது ஒன்றே ஒன்று: 1/48 அளவில் ஒரு டி ஹாவிலண்ட் வம்பயர் ஜெட் போர்விமானம், எஃப்.பி.5 வகை. மிக் கட்டுவோம் என்று பாதிப் பேர் நின்றார்கள், மிக்-17 இலங்கை விமானப்படையில் இருந்த விமானம் என்ற நியாயமும் அவர்களிடம் இருந்தது. ஆனால் வம்பயர் என்ற பெயர் மட்டக்களப்பாருக்கு வேறு கணக்கு. 1942 ஏப்ரல் 9இல் ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலோடு சேர்ந்து நம் கடலில் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட அவுஸ்திரேலியக் கப்பலின் பெயரும் வம்பயர்தான். கப்பலுக்கும் விமானத்துக்கும் பெயரைத் தவிர சம்பந்தம் இல்லை, விமானம் முதன்முதல் பறந்ததே 1943 செப்டெம்பரில். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹேர்மிஸ் மூழ்கிய அன்று அதன் தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை, அதுக்குப் பிறகு 4 ஆண்டுகூட ஆகாமல், 1945 டிசெம்பர் 3இல், பிரித்தானியக் கடற்படை விமானி எரிக் பிரவுன் ஒரு வம்பயரை ஓஷன் என்ற கப்பலின் தளத்தில் இறக்கினார், ஜெட் விமானம் விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கி ஏறியது அதுதான் முதற்தடவை. இதைச் சொன்னதும் கூட்டத்தில் வாக்கெடுப்பே தேவைப்படவில்லை.

ஒட்டிக் கட்டும் துண்டுகள் அடங்கிய கிட் பொதியாக வந்து சேர்ந்தபோது பெட்டி ஒரு பக்கம் நசுங்கி, ஒரு வால்தண்டு வளைந்திருந்தது. யார் நசுக்கினார்கள் என்று தேடிப் பிரயோசனம் இல்லை. சுடுதண்ணீரில் வைத்து நிமிர்த்தினோம்.

வம்பயரின் உருவம் தெரியாதவர்களுக்கு: நடுவில் முட்டை மாதிரி ஒரு உடல், அதிலே விமானியும் எஞ்சினும், இரண்டு இறக்கையிலிருந்தும் பின்னுக்கு நீளும் இரண்டு தண்டு, அவற்றின் நுனியில் வால். அந்தக் காலத்துக் கொப்ளின் ஜெட் எஞ்சினுக்கு உந்துவிசை குறைவு, பின்னால் புகை வெளியேற நீளக் குழாய் வைத்தால் இன்னும் குறையும், அதனால் குழாயைக் கட்டையாக வெட்டி வாலை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். கட்டுகிறவனுக்கு இதில் வரும் தொல்லை, இரண்டு தண்டும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அரை மில்லிமீற்றர் பிசகினாலும் பின்னால் இருந்து பார்க்கிறவன் கண்ணில் படும். தச்சு ஐயா ஒரு பலகையில் கோடு போட்டு, இரண்டு பக்கமும் கட்டை அடித்து, விமானத்தை அதுக்குள் இருத்தி ஒட்டச் சொன்னார். நாங்கள் இத்தனை வருடம் கண்மதிப்பில் ஒட்டியதை நினைத்து வெட்கமாக இருந்தது.

அப்புறம் கோட்டுச் சண்டை. கிட்டில் உடல் முழுக்க, தகடுகள் சேரும் இடம் மாதிரி ஆழமான இணைப்புக் கோடுகள். பெடியன்கள் கோடு எடுப்பாகத் தெரிய அதுக்குள் கறுப்புப் பெயின்ட் ஓடவிட ஆசைப்பட்டார்கள். ஐயா பெட்டிப் படத்தைப் பார்த்து, "இது என்னத்தால செய்தது?" என்று கேட்டார். வம்பயரின் நடு உடல் மரம், மெல்லிய பிளைவுட் இரண்டுக்கு நடுவில் பால்சா வைத்து ஒட்டியது, இறக்கையும் வால்தண்டுகளும்தான் உலோகம் என்றேன். "பலகையில செய்ததுக்கு இவ்வளவு கோடு எதுக்குகா? ஒட்டி, இழைச்சு, துணி போட்டு மூடினா வழுவழுவென்றெல்லோ இருக்கும்" என்றார். சரிதான். கதவும் மூடியும் வரும் இடங்களை விட்டுவிட்டு, உடலில் இருந்த மற்றக் கோடுகளையெல்லாம் புட்டி வைத்து அடைத்துத் தேய்த்தோம், 400, 800, 1500 என்று சாண்ட்பேப்பர், தண்ணீர் தொட்டுத் தொட்டு. இரண்டு கூட்டம் முழுக்க அதுதான் வேலை. இந்த ஆண்டு நாங்கள் செய்ததில் உருப்படியான வேலை இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

இனி என் பிழை. வம்பயர் மூக்குச் சில்லில் நிற்கும் விமானம், பின்பாரம் கூடினால் மாதிரி வாலில் குந்திவிடும். அதனால் மூக்குக்குள் பாரம் வைக்க வேண்டும். கல்லடியில் வாங்கிய வலைக்கட்டும் ஈயக்குண்டு இரண்டைத் தட்டி உள்ளே வைத்து, டேப்பால் கட்டிப் பார்த்தேன், நின்றது. ஒட்டி மூடச் சொன்னதும் நான்தான். வால்தண்டில் ஏறப்போகும் புட்டி, பிரைமர் பாரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. பிரைமர் அடித்து மேசையில் வைத்தோம், மெதுவாக மூக்கைத் தூக்கிக்கொண்டு குந்தியது. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். மறுகா மூக்குச் சில்லுக் குழி வழியாக ஈயத்தூள் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி எபொக்சிப் பசை ஊற்றினோம். புதியவர்கள் குறித்துக்கொள்ளுங்கள், ஈயத்தை வெள்ளைப் பசையால் ஒட்டாதீர்கள், வருடம் போகப் போக ஈயம் பூத்து ஊதி உடலையே பிளக்கும்.

வெள்ளிப் பூச்சு மூன்று தடவை. முதலாவதில் வால்தண்டின் அடியில் ஒட்டுக்கோடு தெரிந்தது, வெள்ளி நிறம் எதையும் மறைக்காது, காட்டிக் கொடுக்கும். இரண்டாவது கார்த்திகையில் அடித்தது, வேண்டாம் என்று பொருளாளர் சொல்லச் சொல்ல அடித்தோம், ஈரக் காற்றில் லெக்கர் பால் படிந்த மாதிரி வெளிறிப் போனது. உரித்துவிட்டு மாசி வரை காத்திருந்தோம். மூன்றாவது, நல்ல வெயில் ஏறிய பிறகு, மெல்லிய பூச்சாக நாலு தடவை. கண்ணாடி மாதிரி மினுங்கவில்லையே என்று சிலருக்குக் குறை. மினுங்கக் கூடாது. உண்மையான விமானத்திலும் அது வெறும் உலோகம் இல்லை, வெள்ளிப் பெயின்ட்தான், மரத்தை எப்படி மினுக்குவது?

விமானத்தில் ஒட்டும் அடையாளப் படங்கள் இருக்கும் டீகல் தாள் மஞ்சள் அடித்திருந்தது. தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி இரண்டு கிழமை வெயிலில் விட்டோம், வெளுத்துவிட்டது. இந்தச் செலவில்லாத வேலைக்கு நம்ம ஊர் வெயில் காணும்.

ஏப்ரல் 9 அன்று ஒரு பாடசாலை மண்டபத்தில் மேசை போட்டோம். 24 சென்றிமீற்றர் இறக்கை, தூரத்திலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. தொடவேண்டாம் என்று எழுதி வைத்திருந்தும் ஒரு கடற்தொழில் செய்யும் அண்ணன் தூக்கிவிட்டார். உள்ளங்கையில் வைத்து ஒருக்கா ஆட்டிப் பார்த்து, "மூக்குக்குள்ள வலை ஈயமா மனே?" என்றார். அவருக்கு நான் என்ன பதில் சொல்ல, தலையாட்டினேன்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்வது ஒன்றுதான், தின்னர் செலவு கிட் விலையைத் தொட்டுவிட்டது, மூன்று தடவை அடித்து இரண்டு தடவை உரித்தால் அப்படித்தான். அடுத்த ஆண்டு மிக். கார்த்திகையில் ஸ்பிரே இல்லை என்று தீர்மானம் ஒன்றைத் தலைவர் அண்ணன் முன்மொழிவார், நான் வழிமொழிகிறேன்.

ஐயாவின் மட்டப்பலகையும் சங்கத்து கிளிப்புகளில் 6உம் யாரோ வீட்டில் இருக்கின்றன. அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

செயலாளர்
மட்டக்களப்பு