முடக்குவாதத்தால் கோணிய பாதங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மூட்டுகளை வீங்கவைத்துச் சிதைக்கும் முடக்குவாதத்தால் கால் பெருவிரல் சரிந்து, மற்ற விரல்கள் மடங்கி, முன்பாதத்தின் அடியில் காய்ப்பு விழுந்தவர்கள் பலர் அதைப் பிளேட்டால் சீவியே காலத்தைக் கடத்துகிறார்கள். மேலே எலும்பின் தலை இறங்கி நிற்கும்வரை காய்ப்பு திரும்ப வரும்.

மருந்தாலும் மெத்தை வைத்த அகலமான பாதணியாலும் நோ குறையாவிட்டால் சத்திரசிகிச்சைதான். பெருவிரலின் அடிமூட்டைத் தகடும் திருகாணியும் போட்டு அசையாதபடி பொருத்துவார்கள். மற்ற நான்கு விரல்களின் அடியில் துருத்தும் எலும்புத் தலைகளை வெட்டியெடுத்து, விரல்களை மெல்லிய கம்பியால் நிமிர்த்துவார்கள். கம்பி 4 முதல் 6 கிழமை வரை விரல் நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும். நனையக் கூடாது; மணல் முற்றத்தில் வெறுங்காலோடு நடந்தால் கிருமி ஏறும். குதியை மட்டும் ஊன்றும் பாதணி தருவார்கள். நடை விசித்திரமாய்த்தான் இருக்கும், ஆனால் முன்பாதத்தை ஊன்றினால் திருகாணி தளர்ந்து எலும்பு ஒட்டாமல் போகலாம். புகைத்தாலும் அந்த ஆபத்து உண்டு.

மருந்து விடயத்தில்தான் பிழை அதிகம். முடக்குவாதத்துக்கு எடுக்கும் மெதோட்ரெக்ஸேட்டைச் சத்திரசிகிச்சைக்காகப் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை. ஸ்டீரொய்ட் மருந்தான பிரெட்னிசலோனைத் திடீரென விட்டால் ஆபத்து. நோயெதிர்ப்பை அடக்கும் ரிட்டுக்சிமாப் போன்ற ஊசி போடுபவர்கள் சத்திரசிகிச்சைத் திகதியை ஊசி போடும் நாளுக்கேற்ப முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். இந்நோய் கழுத்தின் மேல்மூட்டையும் தளர்த்தும், தளர்ந்த கழுத்தை மயக்கத்தில் வளைப்பது ஆபத்து என்பதால், மயக்க மருந்துக்கு முன் கழுத்தைக் குனியவைத்தும் நிமிரவைத்தும் எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேளுங்கள்.

மூட்டுநோய்ப் பராமரிப்புப் பணியாளர்கள்,
மட்டக்களப்பு