எட்டாம் வகுப்பு பாத்திக் பயிற்சி: பெற்றோர் கவனத்துக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், எட்டாம் வகுப்பு ஓவியப் பாடவேளையில் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் துணியில் மெழுகால் கோலம் வரைந்து சாயமேற்றும் பாத்திக் கலையைக் கற்றுத்தர இருக்கிறோம். "கடையில் பாத்திக் அச்சுத் துணி கிடைக்கிறதே, வாங்கிக் கண்காட்சியில் மாட்டிவிடலாமே" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்கிறேன், காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஜாவாவின் யோக்யகர்த்தா, சோலோ ஆகிய அரண்மனை ஊர்களில் எந்தக் கோலம் போட்ட துணியை யார், எப்போது உடுத்தலாம் என்பதற்கு முறை உண்டு. கல்யாணத்தில் மணமக்களுக்கு 'சீதோமுக்தி' என்ற கோலம். நல்வாழ்வு கைகூடட்டும் என்ற வேண்டுதல் அதில் இருக்கிறது. அவர்களைப் பெற்றவர்களுக்கு 'துருந்தும்' என்ற கோலம். கருமையான நிலத்தில் நட்சத்திரமாகச் சிறு பூக்கள் நிறைந்திருக்கும். கணவரின் அன்பு விலகியிருந்த நாளில், சோலோ மன்னர் மூன்றாம் பாக்குபுவனாவின் அரசி இரவு வானத்தைப் பார்த்து இதை வரைந்தாராம். அவர் வரைவதைப் பார்த்துப் பார்த்தே மன்னரின் மனம் திரும்பியது என்று அங்கே கதை சொல்வார்கள். சரிவு வரிசைகளாக ஓடும் பராங் ஒரு காலத்தில் அரச குடும்பத்துக்கு மட்டுமே உரியது. கல்யாணத்துக்கு அதைக் கட்டினால் தம்பதிக்குள் சண்டை வரும் என்று இன்றும் தவிர்ப்பவர்கள் உண்டு. 'செமென் ராமா' என்ற கோலம் நம் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். ஜாவா ராமாயணத்தில் ராமன் விபீஷணனுக்குச் சொல்லும் எட்டு அரச குணங்கள்தான் அதில் மலையாகவும் கருடனாகவும் தீச்சுடராகவும் வருகின்றன.

இவ்வளவு முறை பார்ப்பவர்கள் புதுமைக்குக் கதவடைக்கவில்லை. ஜாவாவின் வடகரைத் துறைமுகமான பெகலொங்கானில் ஜ்லம்ப்ராங் கோலம் குஜராத்தின் பட்டோலா பட்டுத் துணியின் சாயலில் உருவானது. அதே கரையிலுள்ள சிரெபோனின் மேகக் கோலத்தில் சீனச் சாயல் தெரியும். 1950களில் சோலோவைச் சேர்ந்த பாத்திக் கலைஞர் கோ திக் ஸ்வான், இந்தோனேசிய அதிபர் சுகர்ணோ ஊக்குவிக்க, அரண்மனைக் கோலங்களை வடகரையின் பளிச்சென்ற நிறங்களில் தீட்டினார். பாண்டுங் நகர இளைஞர்கள், ஒரே வடிவம் சிறிதாகச் சிறிதாகத் திரும்பத் திரும்ப வரும் பின்ன வடிவக் (fractal) கணிதத்தைக் கொண்டு கணினியில் புதுக் கோலங்களை உருவாக்குகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எங்கள் கணித ஆசிரியரும் ஒரு பாடவேளை கேட்டிருக்கிறார்.

கோலம் பழையதோ புதியதோ, துணியில் மெழுகு ஏற வேண்டும். சாந்திங் என்பது கைப்பிடி வைத்த சின்னச் செம்புக் கிண்ணம். அதன் மெல்லிய மூக்கு வழியே உருகிய மெழுகால் கோடு இழுப்பார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. சாயம் தோய்த்து, கொதிநீரில் மெழுகை நீக்கி, அடுத்த நிறத்துக்கு மறுபடி மெழுகிட வேண்டும். சோலோ துணிகளின் பழுப்பு நிறத்துக்குப் பயன்படும் மரப்பட்டைகளில் நம் தெருவோரங்களில் மஞ்சளாகப் பூக்கும் இயல்வாகையின் பட்டையும் ஒன்று. 2009 அக்டோபர் 2 அன்று யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது இந்த மெழுகு வேலையும் அதைச் சுற்றிய வாழ்வும். அச்சுத் துணியில் இரண்டுமே இல்லை.

முதல் வாரம் பிள்ளைகள் 'கவுங்' என்ற கோலத்தை வரைவார்கள். சீவிய நுங்கில் கண்கள் தெரிவதுபோல, ஜாவாவின் ஒருவகைப் பனங்காயின் குறுக்குவெட்டு அது. அடுத்த வாரம் அவரவர் சொந்தக் கோலம். அதை வீட்டில் யார், எந்த நாளில் உடுத்த வேண்டும் என்பதையும் பிள்ளை எழுதித் தர வேண்டும். அதற்கு உங்கள் வீட்டு விசேஷங்களைப் பற்றி அவர்களோடு பேசுங்கள். பாட்டி தாத்தா இருந்தால் இன்னும் நல்லது.

பழைய வெள்ளைப் பருத்தி வேட்டியில் ஒரு முழம் கிழித்து, கஞ்சி போகத் துவைத்துக் கொடுத்தனுப்புங்கள். பாலியஸ்டர் கலந்தது வேண்டாம், சாயம் பிடிக்காது. சூடான மெழுகு என்பதால் இரண்டு ஆசிரியர்கள் உடனிருப்பார்கள். சீருடைமேல் போட்டுக்கொள்ள ஒரு பழைய சட்டை அவசியம். ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு, விடுமுறைக்கு முன்பே வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்