முதலில் 'போன்ஜூர்', பிறகுதான் கேள்வி

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வெளிவந்த பாரிஸ் பயணக் கட்டுரை பிரெஞ்சுக்காரர்களைத் தலைக்கனம் பிடித்தவர்கள் என்று முடிவு கட்டியிருந்தது. மெட்ரோ நிலையக் கவுண்ட்டரில் கட்டுரையாளர் வழி கேட்டிருக்கிறார். உள்ளே இருந்த பெண் பதில் சொல்லாமல் அவர் முகத்தைப் பார்த்து, அழுத்தமாக 'போன்ஜூர்', அதாவது 'வணக்கம்', என்று மட்டும் சொன்னாராம். கட்டுரையாளர் அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டுவிட்டார். துலூஸ் நகரில் பல ஆண்டுகளாகக் குடும்பத்தோடு வாழ்கிற எனக்கு, இதைப் படித்தபின் பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

பிரான்ஸில் யாரிடமும் எதையும் கேட்பதற்கு முன் வணக்கம் சொல்லியாக வேண்டும். கட்டுரையாளர் அதைச் சொல்லவில்லை. அந்தப் பெண் நினைவூட்டினார், அவ்வளவுதான். பேக்கரிக்குள் நுழைந்ததும் போன்ஜூர், பஸ்ஸில் ஏறியதும் ஓட்டுநருக்கு ஒரு போன்ஜூர். மருத்துவரைப் பார்க்கக் காத்திருக்கும் அறையில் முன்பின் தெரியாதவர்கள் உட்கார்ந்திருந்தாலும் அனைவருக்கும் பொதுவாக ஒன்று. வெளியேறும்போது மறக்காமல் 'ஓ ருவார்' (போய் வருகிறேன்). கடை கடைக்காரரின் இடம், உள்ளே வருகிறவர்தான் முதலில் வாய் திறக்க வேண்டும் என்பது இங்குள்ள எண்ணம். வணக்கம் இல்லாமல் நேரே 'ஒரு பாகெத்' (நீள ரொட்டி) என்று கேட்பது, விரலைச் சொடுக்கி ஆளைக் கூப்பிடுவதற்குச் சமம்.

அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் அதே மனிதர்கள் காட்டும் பொறுமையைக் கட்டுரையாளர் பார்த்திருக்க வேண்டும். ரொட்டி நன்றாக வெந்தது வேண்டுமா, இளசாக வேண்டுமா என்று கேட்டு எடுத்துக் கொடுப்பார்கள். பின்னால் வரிசை வாசல்வரை நீண்டாலும், முன்னால் நிற்கும் பாட்டிக்கு உரிய நேரத்தைக் குறைக்க மாட்டார்கள்; வரிசையில் நிற்பவர்களும் முணுமுணுக்க மாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. ஒரே நாளில் ஒருவருக்கு இரண்டாம் முறை அதே வணக்கத்தைச் சொன்னால், காலையில் அவரைப் பார்த்ததையே மறந்துவிட்டதுபோல் ஆகும். அதனால் அலுவலகங்களில் 'ரெபோன்ஜூர்', அதாவது 'மறுபடியும் வணக்கம்', என்பார்கள்.

கன்னத்தோடு கன்னம் வைத்து வணக்கம் சொல்லும் 'பீஸ்' பற்றிக் கட்டுரையாளர் கூச்சத்தோடு எழுதியிருந்தார். துலூஸில் இரண்டு முறை, மோன்பெலியே பக்கம் மூன்று முறை, பிரெஸ்ட்டில் ஒரே முறை. ஊருக்கு ஊர் மாறுவதால் பிரெஞ்சுக்காரர்களே தடுமாறுவார்கள். கொரோனாவுக்குப் பிறகு இது குறைந்தும் விட்டது. அதற்குப் பதிலாகக் கைகுலுக்கினால் யாரும் தவறாக நினைப்பதில்லை.

சிற்றூர்களில் மதியம் 12 முதல் 2 மணிவரை கடைகள் மூடிக் கிடப்பதைச் 'சோம்பேறித்தனம்' என்று எழுதியதுதான் என்னை மிகவும் வருத்தியது. வேலை செய்யும் இடத்திலேயே தொழிலாளி சாப்பிட்டு முடிக்கும்படி விடக் கூடாது என்று இந்த நாட்டின் தொழிலாளர் சட்டத்திலேயே விதி இருக்கிறது. 2021இல் நோய்த்தொற்றுக்காக அதைத் தளர்த்தியதுகூடத் தற்காலிகமாகத்தான். உட்கார்ந்து, பேசி, நிதானமாகச் சாப்பிடுவது ஒவ்வொருவருக்கும் உரிய உரிமை என்று ஒரு சமூகம் நினைப்பதில் சோம்பல் எங்கே இருக்கிறது?

ஒரு வீட்டு விருந்துக்கு அவர் போயிருந்தால் இது இன்னும் நன்றாகப் புரிந்திருக்கும். எட்டு மணிக்கு அழைத்தால் எட்டேகாலுக்குப் போவதுதான் மரியாதை. முன்னதாகப் போய் நின்றால் வீட்டுக்காரர்களுக்குச் சங்கடம். முதல் ஒரு மணி நேரம் ஆலிவ், கடலை, பேச்சு. பிறகுதான் மேசை. ரொட்டியைத் தட்டில் வைக்காமல் மேசை விரிப்பின் மேலேயே வைப்பார்கள். கவிழ்த்து வைத்தால் வீட்டுப் பெரியவர் கை நீட்டித் திருப்பி வைப்பார். அந்தக் காலத்தில் கொலைத்தண்டனை நிறைவேற்றுபவருக்கு எடுத்துவைத்த ரொட்டியை அப்படிக் கவிழ்த்து வைப்பார்கள் என்று கதை உண்டு. சீஸ் வெட்டுவதில்தான் ஒருவரின் வளர்ப்பு தெரியும் என்பேன். 'பிரீ' என்னும் மென்மையான சீஸின் முக்கோணத் துண்டில் கூர்முனைதான் சுவையான பகுதி. அதைக் குறுக்கே வெட்டி எடுத்துக்கொள்வது பெரிய அநாகரிகம். முனையிலிருந்து ஓரம்வரை நீளவாக்கில் வெட்டினால் நடுப்பகுதியும் ஓரமும் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைக்கும். சின்னக் குழந்தைக்கும் இதைச் சொல்லிக்கொடுத்துத்தான் கத்தியைக் கையில் தருகிறார்கள். தலைக்கனம் பிடித்தவர்களின் வீட்டில் இப்படி ஒரு பழக்கம் வளருமா?

ஜனவரியில் 'கலெத்' என்னும் கேக்கைப் பங்கிடும்போது, எந்தத் துண்டு யாருக்கு என்று பாரபட்சமில்லாமல் சொல்ல வீட்டின் கடைக்குட்டி மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மே 1 அன்று தெருவெங்கும் 'முகே' என்ற வெண்மணிப் பூங்கொத்து விற்பார்கள். அன்று மட்டும் சாதாரண ஆட்களும் கடை உரிமம் இல்லாமல் விற்கலாம். பயணக் கட்டுரைகளில் இவற்றுக்கும் இடம் கிடைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

செப்டம்பரில் தமிழ்நாட்டிலிருந்து படிக்க வரும் பிள்ளைகளுக்கு ஒன்றை மட்டும் அவசியம் சொல்ல வேண்டும். அக்டோபர் இறுதியில் பூக்கடைகளிலும் சூப்பர் மார்க்கெட் வாசல்களிலும் சாமந்தித் தொட்டிகள் குவிந்திருக்கும். நமக்கு அது பூஜைக்கும் மாலைக்கும் உரிய பூ. பார்த்ததும் வாங்கத் தோன்றும். இங்கே அது நவம்பர் 1 அன்று கல்லறைகளில் வைக்கும் பூ. முதல் உலகப் போருக்குப் பிறகு நாடெங்கும் பரவிய வழக்கம். விருந்துக்கு அழைத்த வீட்டுக்கு அதைக் கொண்டுபோக வேண்டாம். ரோஜாவோ ஒரு பெட்டி சாக்லேட்டோ வாங்கிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கு இருந்தால் அதையே கொடுங்கள், மிகவும் மகிழ்வார்கள்.

இப்படிக்கு,
வாசகி,
துலூஸ், பிரான்ஸ்