ஆக்சிஜன் சென்சாரை மாற்றும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் எஞ்சினின் எச்சரிக்கை விளக்கு பற்றித் தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் வெளிவந்த கட்டுரை, கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரில் பி0171 என்ற குறியீடு தெரிந்தால் ஆக்சிஜன் சென்சாரை மாற்ற வேண்டும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அந்த வரியை நம்பி நல்ல சென்சார்கள் கழற்றி எறியப்படக் கூடாது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கலவை லீனாக இருக்கிறது, அதாவது உள்ளே வரும் காற்றுக்குப் போதுமான பெட்ரோல் சேரவில்லை என்பதை மட்டுமே அந்தக் குறியீடு தெரிவிக்கிறது. ஏன் சேரவில்லை என்பதை நாம்தான் தேட வேண்டும். பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு எடைக் கணக்கில் ஒரு பங்குக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. புகையில் மிஞ்சியுள்ள ஆக்சிஜனைச் சென்சார் உணர்ந்து சொல்ல, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யூ., பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் இந்த விகிதத்தைக் காத்து வருகிறது. இந்தத் திருத்தத்துக்கு ஃபியூயல் டிரிம் என்று பெயர். அது பொதுவாகக் கூட்டலிலோ கழித்தலிலோ 10 சதவீதத்துக்குள் இருக்கும். பல கார்களில் நீண்டகால டிரிம் கூட்டல் பக்கம் 20 அல்லது 25 சதவீதத்தை எட்டிய பிறகே குறியீடு பதிவாகிறது. ஆகவே பெரும்பாலான நேரங்களில் சென்சார் தன் வேலையை ஒழுங்காகச் செய்ததால்தான் விளக்கே எரிகிறது. அதைக் கழற்றுவது, புகார் கொடுத்தவரைப் பிடித்து உள்ளே வைப்பதற்கு ஒப்பாகும்.

எஞ்சின் நன்கு சூடான பிறகு ஐட்லிங்கில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும் நிலையில்) ஒரு முறையும், ஆக்சிலேட்டரை மிதித்து 2,500 ஆர்.பி.எம். வேகத்தில் நிறுத்தி ஒரு முறையும் டிரிம்மைப் படித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஐட்லிங்கில் மிக அதிகமாக இருந்து, வேகம் கூடும்போது இயல்புக்கு இறங்கினால், எங்கோ கணக்கில் வராத காற்று உள்ளே புகுகிறது என்று கொள்ளலாம். கசிவின் வழியே வரும் காற்று, ஐட்லிங்கின் சிறிய காற்றளவில் பெரும்பங்காகவும், வேகமான ஓட்டத்தில் அற்பப் பங்காகவும் இருப்பதே காரணம். மாறாக, ஐட்லிங்கில் சரியாக இருந்து, வேகமும் பாரமும் கூடக்கூட டிரிம் ஏறினால், பெட்ரோல் பம்பு தளர்ந்திருப்பதையோ ஃபில்டர் அடைபட்டிருப்பதையோ, காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாரில் அழுக்குப் படிந்து அது அளவைக் குறைத்துச் சொல்வதையோ ஐயப்பட வேண்டும். இந்த முறை காற்றோட்டத்தை நேரடியாக அளக்கும் எஞ்சின்களுக்கே தெளிவாகப் பொருந்தும். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டின் அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் எஞ்சின்களில், கசிவால் அழுத்தம் உயர்வதை இ.சி.யூ. தானே கண்டு பெட்ரோலைக் கூட்டிவிடுவதால், லீன் குறியீட்டுக்குப் பதிலாக ஐட்லிங் வேகம் உயர்ந்து நிற்பதே பல வேளைகளில் தெரியும்.

வி வடிவ எஞ்சினாக இருந்தால் மற்ற பேங்குக்கு (சிலிண்டர் வரிசைக்கு) உரிய பி0174-உம் சேர்ந்து வந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இரண்டும் வந்தால் பொதுவான காரணத்தையும், ஒன்று மட்டும் வந்தால் அந்தப் பக்கத்து கேஸ்கட், இன்ஜெக்டர் ஆகியவற்றையும் முதலில் தேடலாம்.

காற்றுக் கசிவைத் தேட, உள்ளே புகையைச் செலுத்தி அது வெளியேறும் இடத்தைப் பார்க்கும் ஸ்மோக் டெஸ்டே சிறந்தது. சூடான எஞ்சினின் மேல் கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்துப் பார்க்கும் பழக்கம் தீப்பிடிக்கும் ஆபத்துள்ளது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிரேக் பூஸ்டர் குழாய், கிராங்க்கேஸ் வாயுவை எஞ்சினுக்கே திருப்பும் பி.சி.வி. குழாய், இன்டேக் கேஸ்கட் ஆகியவற்றோடு, பெட்ரோல் டேங்க்கின் ஆவியை எஞ்சினுக்குள் விடும், பலர் மறந்துவிடும் பர்ஜ் வால்வையும் பார்க்க வேண்டும். மூடியிருக்க வேண்டிய நேரத்தில் அது திறந்தே நின்றுவிட்டால், மேனிஃபோல்டுக்குச் செல்லும் அதன் ஹோஸை இடுக்கியால் அழுத்தியவுடன் டிரிம் இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் விரிசல் இருந்தாலும், ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் மிஸ்ஃபயர் ஆனாலும், கலவை சரியாக இருக்கும்போதே புகையில் ஆக்சிஜன் கூடி லீன் என்ற பொய்க் கணக்கு வரும். சென்சாரும் கெடக்கூடிய பொருள்தான். அதன் மறுமொழியைச் சோதித்து, தவறு உறுதியான பின் மாற்றுவதில் எனக்கு மறுப்பில்லை.

கட்டுரையில் இன்னொரு குறை: குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். குறியீடு பதிவான கணத்தின் வேகம், பாரம், வெப்பநிலை, டிரிம் ஆகியவற்றை இ.சி.யூ. ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பதிவாகச் சேமித்து வைத்திருக்கும். குறியீட்டை அழித்தால் அதுவும் சேர்ந்து அழிந்துபோகும். எனவே முதலில் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்ற திருத்தத்தையாவது அதே பகுதியில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மோட்டார் மெக்கானிக் பயிற்றுநர் ஒருவர்