அம்மாவின் கம்ப்யூட்டரைச் சென்னையிலிருந்து திறக்க

அன்பு மாப்ளைக்கு,

உன் மெயில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்து, மறுபடி மாடியில் வற்றல் காயப்போடுகிறார்கள் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவள் பத்தாம் வகுப்பு, வீட்டில் டிவி சத்தமே கிடையாது. கோவில்பட்டியில் என் அப்பா கடைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். கணக்கை மட்டும் யாரிடமும் விட மாட்டேன் என்கிறார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஹாலில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ராத்திரி எட்டு மணிக்கு உட்கார்ந்துவிடுகிறார்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். காரைக்குடி வீட்டுக் கம்ப்யூட்டரைச் சென்னையிலிருந்து திறக்க வேண்டும், உன் அப்பா எடுத்துவைத்த கல்வெட்டுப் படங்களைப் பார்க்க வேண்டும், அம்மாவுக்கு ஏதாவது மாட்டிக்கொண்டால் உதவ வேண்டும். இதற்கு ரௌட்டரில் 3389 போர்ட்டைத் திறந்துவிட்டால் போதும் என்று ஆபீஸில் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தாய். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதே.

போர்ட் என்பது எண் போட்ட கதவு மாதிரி. 3389 என்பது, தூரத்திலிருந்து கம்ப்யூட்டரைத் திறக்கும் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் போர்ட். அதை ரௌட்டரில் திறந்தால் உனக்கு மட்டும் திறக்காது, உலகத்துக்கே திறக்கும். காரைக்குடியில் ஒரு வீட்டை யார் தேடிக் கண்டுபிடிப்பார்கள் என்று தோன்றும். யாரும் தேட வேண்டியதே இல்லை. 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஸீமேப் என்று ஒரு நிரலை வெளியிட்டார்கள். நல்ல வேகமான இணைப்புள்ள ஒரே கம்ப்யூட்டரிலிருந்து, ஐபிவி4 என்ற இணைய முகவரிகள் அத்தனையிலும் ஒரு போர்ட் திறந்திருக்கிறதா என்று 45 நிமிஷத்துக்குள் பார்த்துவிட முடியும் என்று காட்டினார்கள். இன்று அந்த வேலையை ராப்பகலாகச் செய்யும் நிரல்கள் ஏராளம். 3389-க்குப் பதிலாக வேறு எண் வைத்தாலும் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். பாஸ்வேர்ட் பலமாக இருந்தால் போதும் என்றும் நினைக்காதே. 2019 மே மாதம் வெளியே தெரிந்த, ரிமோட் டெஸ்க்டாப்பில் இருந்த புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டைக்குப் பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. விண்டோஸ் 7, எக்ஸ்பி ஓடிய கம்ப்யூட்டர்களில் அந்தக் கதவு வழியாக நேராக உள்ளே போக முடிந்தது. 2014-லேயே கைகழுவிவிட்ட எக்ஸ்பிக்கும் சேர்த்து மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது என்றால் ஆபத்து எவ்வளவு என்று பார்த்துக்கொள்.

இன்னொன்று, நீ திறந்தாலும் அது அநேகமாகத் திறக்காது. ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது. அதனால் பல இணைய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. ஊருக்குப் போகும்போது ரௌட்டரின் செட்டிங் பக்கத்தில் வெளி முகவரி என்ன என்று பார். 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால் அது இந்த ஏற்பாட்டுக்கென்றே 2012-இல் ஒதுக்கிய தொகுதி. உன் முகவரி உன்னுடையதே அல்ல. வெளியிலிருந்து வருகிற அழைப்பு உன் வீட்டு ரௌட்டர் வரைக்கும் வந்து சேராது.

போகட்டும், உன் தம்பி அம்மாவுக்கு வாங்கிக்கொடுத்த கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் 11 ஹோம். ஹோம் பதிப்பிலிருந்து மற்ற கம்ப்யூட்டருக்குள் ரிமோட் டெஸ்க்டாப்பில் போகலாம். அதற்குள் யாரும் வர முடியாது. அதற்கு ப்ரோ பதிப்பு வேண்டும்.

நான் கோவில்பட்டியில் செய்திருப்பதைச் சொல்கிறேன். வீட்டுக் கம்ப்யூட்டரிலும் என் லேப்டாப்பிலும் டெயில்ஸ்கேல் போட்டிருக்கிறேன், வெவ்வேறு ஊரில் இருக்கும் கம்ப்யூட்டர்களை ஒரே வீட்டு நெட்வொர்க் மாதிரி இணைக்கும் நிரல். உள்ளே ஓடுவது வயர்கார்டு, இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவில் பூட்டிய பாதை போடும் நிரல். ஜேசன் டொனென்ஃபெல்ட் எழுதியது, 2020-இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார்கள். இதில் ரௌட்டரில் எதையும் திறக்க வேண்டாம். இரண்டு கம்ப்யூட்டரும் வீட்டுக்குள்ளிருந்து வெளியே பேசுகின்றன, அந்தப் பேச்சின் வழியாகவே ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்கின்றன. நேர்வழி கிடைக்காத நேரத்தில் இடையில் ஒரு சர்வர் தகவல் பொட்டலங்களை வாங்கிக் கொடுக்கும். ஆனால் பூட்டைத் திறக்கும் சாவி நம் இரண்டு கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது, அந்த சர்வரால் எதையும் படிக்க முடியாது. வெளியே நின்று பார்க்கிறவனுக்கு அந்த வீட்டில் கதவு இருப்பதே தெரியாது. எனக்கு இதுதான் முக்கியம்.

ஒரு எச்சரிக்கை. டெயில்ஸ்கேல் சாவிக்கு 180 நாள் ஆயுள், அதன் பிறகு மறுபடி லாகின் கேட்கும். அம்மா தனியாக இருக்கும் வீட்டில் அது வம்பு. காரைக்குடிக் கம்ப்யூட்டருக்கு மட்டும் அந்தக் கெடுவை முதல் நாளே எடுத்துவிடு. டெயில்ஸ்கேல் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பும் வை.

அதன்மேல் ஸ்கிரீனைப் பார்க்க வி.என்.சி. வைத்திருக்கிறேன். இதன் கதை உனக்குப் பிடிக்கும். கேம்பிரிட்ஜில் 1991-இல் கம்ப்யூட்டர் துறைக்காரர்கள், காபிக் குடுவையில் காபி மிச்சமிருக்கிறதா என்று மேஜையிலிருந்தே பார்க்க அதன்மேல் கேமரா வைத்தார்கள் இல்லையா? அந்தக் கேமராப் படத்தைக் காட்டும் நிரலை எழுதியவர்களில் ஒருவரான குவென்டின் ஸ்டாஃபர்ட்-ஃப்ரேசர் பின்னால் அதே ஊர் ஆய்வுக்கூடத்தில் வி.என்.சி. உருவாக்கிய குழுவிலும் இருந்தார்.

நான் வி.என்.சி.யை எடுத்ததற்கு என் அப்பாதான் காரணம். விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப்பில் நாம் உள்ளே போனதும் அங்கே இருக்கிறவரின் ஸ்கிரீன் பூட்டிக்கொள்ளும். அப்பா கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் முன்னால் திரை மூடிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வி.என்.சி.யில் இரண்டு பேரும் ஒரே ஸ்கிரீனைப் பார்க்கிறோம். ராத்திரி போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவர் எக்செல்லில் எழுதுவதைப் பார்ப்பேன். போன வாரம் நல்லெண்ணெய் டின் கணக்கு. மவுஸ் அம்பு வரவுக்கும் செலவுக்கும் நடுவில் நின்றுவிட்டது. கொஞ்சம் மேலே போனது, திரும்பி வந்தது. நான் தொடவில்லை. “இதோ, இதில்தானேப்பா?” என்று அவரே கேட்டு அவரே சரியான கட்டத்தில் போட்டார். நான் இங்கிருந்து இழுத்துப் போட்டிருந்தால் கணக்கு சரியாகியிருக்கும், அது அவர் எழுதிய கணக்காக இருந்திருக்காது.

அதனால் அம்மா விஷயத்திலும் ஒன்று செய். உள்ளே வருகிறவரை ஏற்பதா என்று அங்கே இருக்கிறவரிடம் கேட்கும் வசதி பல வி.என்.சி. நிரல்களில் இருக்கிறது. அதைப் போட்டுவை. அம்மா ‘சரி’ என்று அமுக்கினால் மட்டும் நீ உள்ளே போ. பெற்ற பிள்ளையாக இருந்தாலும் அம்மாவுக்குத் தெரியாமல் அவர்கள் ஸ்கிரீனைப் பார்ப்பது சரியில்லை என்று நினைக்கிறேன். கல்வெட்டுப் படங்களுக்கு ஸ்கிரீனே வேண்டாம். அந்த ஃபோல்டரை டெயில்ஸ்கேல் வழியாகப் பகிர்ந்துவிட்டால் போதும்.

அம்மாவிடம் கட்டாயம் இதைச் சொல்லிவை. பேங்கிலிருந்து பேசுகிறோம், ஒரு ஆப் போடுங்கள், திரையில் வரும் எண்ணைப் படியுங்கள் என்று யாராவது போன் செய்தால் உடனே வைத்துவிடச் சொல். எனிடெஸ்க் என்ற ரிமோட் ஆப் வழியாக இப்படிப் பணம் போவதைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2019 பிப்ரவரியில் எச்சரித்தது. உன் குரலில் கேட்டாலும் எண் சொல்லக்கூடாது என்று சொல். நீ உள்ளே வர எண் எதுவும் தேவைப்படாது.

கடைசியாக, கரண்ட். நிஜத்தில் இதில்தான் எல்லாம் நின்றுபோகும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே ஓடும் அடிப்படை செட்டிங்கான பயாஸில், கரண்ட் போய் வந்ததும் தானாக ஆன் ஆகும் செட்டிங் இருக்கும், அதைப் போடு. ஸ்லீப்பை அணைத்துவிடு. ரௌட்டரையும் ஃபைபர் பெட்டியையும் இன்வெர்ட்டர் லைனில் போடு. கம்ப்யூட்டர் மட்டும் உயிரோடு இருந்து ரௌட்டர் செத்துக்கிடந்தால் என்ன பிரயோஜனம்? 24 மணி நேரமும் ஓடட்டும் என்றால், சும்மா இருக்கும்போது 50 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு மாசத்துக்கு 72 யூனிட். இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் ஒரு நல்ல பங்கு இதற்கே போய்விடும். அது வேண்டாம் என்றால் ஸ்லீப்பை அணைக்காமல் தூங்க வைத்துவிட்டு வேண்டும்போது எழுப்பலாம். ஆனால் எழுப்பும் பொட்டலம், நெட்வொர்க் கார்டின் முகவரியைப் பதினாறு முறை சொல்லிக் கூப்பிடுகிற ஒன்று, வீட்டு நெட்வொர்க்குக்குள்ளிருந்துதான் போக வேண்டும். அதற்கு ராஸ்பெரி பை என்ற ஒரு சின்ன கம்ப்யூட்டர் எப்போதும் ஓட வேண்டும், அதற்குச் சில வாட்தான். என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது, கூரியரில் அனுப்புகிறேன்.

எப்போது காரைக்குடி போகிறாய் என்று எழுது. முதலில் அந்த ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. அதில் பாஸ்வேர்ட் இருக்கும், அதனால் குரூப்பில் போடாதே. டெயில்ஸ்கேல் போடும் அன்று நான் லைனில் இருக்கிறேன், ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

அன்புடன்,
உன் மச்சான்