மூன்றால் வகுபடுமா, சேகர்?

ஜெலுத்தோங், பினாங்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் தைப்பூசத்துக்கு முன்பே வந்துவிட்டது. பதில் போடாதது என் சோம்பல்தான். நேரில் வரும்போது திட்டிக்கொள். லட்சுமிக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது அரிசியில் கிடக்கும் கல்லும் தெரிகிறது, என் சட்டைக் கறையும் தெரிகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பேத்தி இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றில் படிக்கிறாள். போன சனிக்கிழமை குவே லாப்பிஸ் என்ற அடுக்குப் பலகாரத்தை அடுக்கடுக்காக உரித்துத் தின்றுகொண்டே, "தாத்தா, ஓர் எண்ணையும் இப்படி உரிக்கலாம்" என்று தாளில் எழுதினாள்: 73939133. இது பகா எண், ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும். கடைசி இலக்கத்தை அடித்தால் 7393913, அதுவும் பகா எண். அப்புறம் 739391, 73939, 7393, 739, 73, 7. அத்தனையும் பகா எண்கள்! இப்படி உரிபடும் எண்கள் மொத்தமே 83தான். அதில் ஆகப் பெரியது இது.

நம்புவேனா? இதன் வர்க்கமூலம் 8,600க்குச் சற்றே குறைவு. அதுவரை உள்ள ஆயிரத்துக்கு மேற்பட்ட பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். 101 வரை போய்க் கையை உதறினேன். மீதியை அவள் கைப்பேசி பார்த்துக்கொண்டது.

இரவு தூக்கம் வரவில்லை. பேருந்து நம்பரின் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்து, மூன்றால் வகுபட்டால் ஏறமாட்டேன் என்று நிற்பாயே, அதனால் நம் இருவர் முதுகும் வீங்குமே, அதுதான் நினைவுக்கு வந்தது. பிடித்துக்கொண்டேன். வாலில் ஒட்டக்கூடியவை 1, 3, 7, 9 மட்டும். மற்றதை ஒட்டினால் 2 அல்லது 5 வகுத்துவிடும். 3, 9 ஒட்டினால் மூன்றால் வகுத்த மீதி மாறாது. 1, 7 ஒட்டினால் மீதியில் ஒன்று கூடும். 7இல் தொடங்கினால் மீதி 1. அதனால் 1, 7 இரண்டில் ஒன்றை ஒரே முறைதான் ஒட்டலாம். மறுபடி ஒட்டினால் உன் மூன்று வந்து கழுத்தைப் பிடிக்கும். பார், ஒரே ஒரு 1! 2, 5இல் தொடங்கினால் அந்தச் சலுகையும் இல்லை. 59393339ஐப் பார், தலைக்குப் பின்னால் 3, 9 தவிர வேறு உண்டா? எழுந்து உட்கார்ந்து சிரித்தேன். லட்சுமி விளக்கைப் போட்டு, விபூதி பூசிவிட்டாள்.

மாரி இருந்தால் "இதுக்கு எவன்டா காசு குடுப்பான்?" என்றிருப்பான். அவன் காரியத்துக்கு நான் வராததைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதியிருக்கலாம். டிக்கெட் எடுத்து, பேருந்து நிலையத்திலேயே உட்கார்ந்திருந்து, வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

சரி. ஒன்பதாவது இலக்கம் ஏன் ஒட்டாது? 73939133இன் கூட்டுத்தொகை 38. 1 ஒட்டினால் 39, 7 ஒட்டினால் 45. இரண்டையும் நீயே முடித்துவிடுவாய். 739391333, 739391339 இரண்டும் மூன்றுக்குத் தப்பிவிடுகின்றன, ஆனாலும் பகா எண்கள் அல்ல. எதுவோ வகுக்கிறது. 31 வரை பார்த்துவிட்டேன், சிக்கவில்லை. செந்தூலில் பொழுது போகவில்லை என்று புலம்பினாயே, 37இலிருந்து நீ தொடங்கு. கைப்பேசியைத் தொடாதே.

மணியம்